மூன்றாம் மாடிக் கைகழுவும் தொட்டி

என் மகளைத் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வரக்கூடாது என்று முடிவு செய்தவள் நான்தான். சென்னையில் சம்பந்தி வீட்டில் சீமந்தம் நன்றாக நடந்தது. முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவது எங்கள் பக்கத்து வழக்கம். எல்லோரும் அவள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள். நான் மட்டும் தனியாக ரயிலேறி ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன்.

சம்பந்தியம்மாளிடம் ஒரு பொய் சொன்னேன். எங்கள் பக்கத்து வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள், ஒரே தூசி, கொஞ்ச நாள் கழித்து அழைத்துப் போகிறேன் என்றேன். மகளிடமும் அதையேதான் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிம்மா" என்றாள். சரி என்று அவள் இவ்வளவு சுலபமாகச் சொல்கிற பெண் இல்லை. அவள் நம்பவில்லை என்று அப்போதே தெரிந்தது. என் வீட்டுக்காரரிடம் இரண்டு வாரம் கழித்து அழைத்து வரலாம் என்று சொல்லி வைத்தேன். அவர் காந்தி மார்க்கெட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்றவளுக்கான சுக்கு, ஓமம், திப்பிலி எல்லாம் வாங்கி வந்து டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்.

காரணம் தூசி இல்லை. காரணம் அவர்.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் வேலையைச் சொல்ல வேண்டும். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், கிருமிகளை வளர்த்துப் பார்க்கிற லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கல்யாணம் ஆன வருஷம் சேர்ந்தேன். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. நோயாளியின் ரத்தம், சிறுநீர், சீழ் என்று எது வந்தாலும் அதைத் தட்டில் தேய்த்து, இன்குபேட்டரில் வைத்து, மறுநாள் காலை என்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பேன். பிறகு எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பேன். மருந்து தடவிய சின்னச் சின்ன வட்டத் தாள்களைத் தட்டில் வைத்தால், கிருமி சாகிற மருந்தைச் சுற்றி வெறும் வளையம் விழும். சாகாவிட்டால் தாளின் விளிம்புவரை வளர்ந்து நிற்கும். வேலை அவ்வளவுதான். மடி ஆசாரம் பார்க்கிற வீட்டில் பிறந்து, நாள் முழுக்க ஊரார் மூத்திரத்தோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று என் மாமியார் இருந்தவரை முகத்தைச் சுளித்தார். சாயங்காலம் வாசலிலேயே கைகால் கழுவிவிட்டு, நேரே குளியலறைக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் சமையலறைக்குள் நுழைய வேண்டும். அந்தப் பழக்கம் அவர் போன பிறகும் விடவில்லை. சுத்தத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. உண்டு என்றா சொன்னேன்? இருந்தது.

சென்ற வருஷம் கோடையில் ஒரு தட்டு வந்தது. மூன்றாம் மாடி ஆபரேஷன் வார்டில் ஒரு நோயாளியின் சிறுநீரிலிருந்து வளர்த்தது. இளஞ்சிவப்பாக, கொழகொழவென்று, கம்பியால் தொட்டுத் தூக்கினால் நூல் இழுத்தது. பார்த்தவுடனே தெரியும், கிளப்சியெல்லா என்கிற கிருமி. வயிற்றில் சாதுவாகக் குடியிருக்கும். ரத்தத்துக்குள் போய்விட்டால் ஆளையே சாய்க்கும். மருந்துத் தாள் வைத்த தட்டைத் திறந்தால் ஒரு வளையம்கூட இல்லை. மற்ற மருந்தெல்லாம் தோற்றால் கொடுப்பதற்கென்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிற பெரிய மருந்தின் தாள்மேலேயே ஏறி வளர்ந்திருந்தது.

அதுகூட எனக்குப் புதிதில்லை. நான் அதுவரை பார்த்திராதது பத்து நாள் கழித்து வந்த தட்டு. அதே வார்டு, வேறு நோயாளி, வேறு கிருமி. இது ஈ.கோலை. காய்ந்த மாதிரி தட்டையாக இருக்கும், நூல் இழுக்காது. கிளப்சியெல்லாவுக்கும் இதற்கும் பார்வையிலேயே அவ்வளவு வித்தியாசம். ஆனால் எந்தெந்த மருந்துக்கு அது அசையவில்லையோ அந்தந்த மருந்துக்கு இதுவும் அசையவில்லை. நான் தட்டை மாற்றி வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுபடி முதலிலிருந்து செய்தேன். மறுபடியும் அதே.

எங்கள் லேபுக்குத் தலைவி ஒரு டாக்டரம்மா. என்னைவிட வயதில் சின்னவர், பாலக்கரைக்காரர், அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். இரண்டு தட்டையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். மரபணுச் சோதனை போட்டுப் பார்த்தார். இரண்டு கிருமியிலும் ஒரே மரபணு.

"கிருமி ஒரு ஆள்கிட்டேருந்து இன்னொரு ஆளுக்குப் போகலக்கா," என்றார். "மருந்துக்குச் சாகாம இருக்க அதுக்குத் தெரிஞ்ச பக்குவம் போகுது. நீங்க நார்த்தங்காய் ஊறுகாய்க்கு எனக்குப் பக்குவம் சொன்னீங்கள்ல? சொன்னதால உங்களுக்கு மறந்துடலயே. இப்ப உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மாதிரி. கிருமிக்குள்ள ஒரு சின்ன மரபணு வளையத்துல எழுதி வச்சிருக்கும். பக்கத்துல வர்ற கிருமிக்கு ஒரு நகல் எடுத்துக் குடுத்துடும். அது வேற ஜாதிக் கிருமியா இருந்தாலும் குடுக்கும்."

"எங்கே வெச்சுக் குடுக்கறது?" என்று கேட்டேன்.

"அதைத்தான் தேடணும்," என்றார்.

தேடினோம். கட்டில் கம்பி, சேலைன் ஸ்டாண்டு, ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை, நர்ஸ்கள் கை எல்லாவற்றிலும் குச்சியால் தடவி எடுத்தோம். ஒன்றும் பெரிதாக வரவில்லை. கடைசியில் வார்டின் நடுவில் இருக்கிற கைகழுவும் தொட்டிக்கு வந்தோம். வெள்ளை வெளேரென்று பளிச்சென இருக்கும் தொட்டி. பிளம்பரை வரவழைத்து அதன் அடியில் வளைந்து போகிற குழாயைக் கழற்றினோம். உள்ளே சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படலம் விரலில் ஒட்டியது. வளர்த்துப் பார்த்ததில் அதில் மூன்று ஜாதிக் கிருமி இருந்தது. மூன்றிலும் அதே பக்குவம்.

அந்தத் தொட்டியில் என்ன நடக்கிறது என்று இரண்டு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தேன். கை கழுவினார்கள், வாஸ்தவம். அதோடு, சேலைனில் கலந்து ஏற்றி மிச்சமான மருந்தை நர்ஸ் பெண்கள் அதிலே கவிழ்த்தார்கள். நோயாளிகளின் உறவுக்காரர்கள் ஆறிப்போன கஞ்சியை ஊற்றினார்கள், டம்ளர் கழுவினார்கள், கேரியர் கழுவினார்கள். டாக்டரம்மாவிடம் வந்து சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கஞ்சி கிருமிக்குச் சாப்பாடு. மிச்ச மருந்து, பக்குவம் தெரியாத கிருமியை மட்டும் கொன்றுவிட்டுத் தெரிந்ததை விட்டுவைக்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் நேரே சல்லடையில் விழுந்து பக்கவாட்டில் தெறிக்கிறது. கையில், பாத்திரத்தில், பக்கத்துக் கட்டில்வரை.

குழாயை மாற்றினார்கள். பிளீச்சிங் ஊற்றினார்கள். ஒரு மாதம் சும்மா இருந்தது. மறுபடி வந்துவிட்டது, சுவருக்குள் போகிற குழாயிலிருந்து. தொட்டியையே எடுத்துவிடலாம் என்றால் நர்ஸ்கள் கை கழுவ எங்கே போவார்கள்? கடைசியில் ஒரு அறிவிப்பு ஒட்டலாம் என்று முடிவாயிற்று. வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'கை கழுவ மட்டும். பாத்திரம் கழுவாதீர்கள். கஞ்சி, சாப்பாடு, மருந்து ஊற்றாதீர்கள்.' சிவப்பு எழுத்தில், கண்ணுக்கு நேராக இருக்கும்படி. பாத்திரம் கழுவக் கீழே கேண்டீனுக்குப் பின்னால் இடம் ஒதுக்கினார்கள். ஒட்டிய அன்று அதைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "உன் கையெழுத்து மாதிரியே அதட்டறதும்மா" என்று பதில் அனுப்பினாள்.

புரட்டாசியில் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாளாகச் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை; பிராஸ்டேட் பெருத்திருக்கிறது என்றார்கள். பெரிய ஆபரேஷன் இல்லை; எங்கள் மருத்துவமனையிலேயே, அதே மூன்றாம் மாடி வார்டில். மகள் அப்போதுதான் பிள்ளையாண்டிருந்தாள், மூன்றாம் மாதம். "குழந்தை வரச்சே நான் டியூப் மாட்டிண்டு படுத்துண்டிருக்கப்படாது, இப்பவே முடிச்சுடலாம்" என்றார் அவர். தள்ளிப் போடலாமா, வேறு இடத்தில் செய்யலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நான் இருக்கிற இடம், எனக்குத் தெரியாமல் அங்கே ஒன்றும் நடக்காது என்று தோன்றியது. இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

வரவேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் மகள் சென்னையிலிருந்து வந்துவிட்டாள். ஒரு வாரம் இருந்தாள். நான் கறாராகச் சொல்லிவிட்டேன்.

"மாடிப்படியிலே காலை வெக்கப்படாது. கேண்டீன்ல உக்காரு, இல்லேன்னா ஆத்துல இரு. அப்பாவோட போன்ல பேசு. வயத்துல ஒண்ணு இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ."

"சரிம்மா," என்றாள்.

அப்போதும் அதே சரி.

வார்டுக்குப் போகக் கூடவே இருப்பவருக்கென்று ஒரு பாஸ் கொடுப்பார்கள். எனக்கு மருத்துவமனை அட்டை இருந்ததால் பாஸ் வேண்டியிருக்கவில்லை. அது அவர் தலையணைக்குக் கீழேயே கிடந்தது.

அவருக்கு மருத்துவமனைச் சாப்பாடு இறங்காது. யார் சமைத்தார்களோ, எந்தக் கரண்டியோ என்பார். விடிகாலையில் எழுந்து குழைந்த சாதமும் எங்கள் வீட்டில் சாத்தமுது என்கிற ரசமும் செய்து இரண்டு கேரியரில் கட்டுவேன். பஸ்ஸில் காவிரியைத் தாண்டி வந்து, காலைக் கேரியரை அவருக்குக் கொடுத்துவிட்டு, மத்தியானக் கேரியரைக் கட்டிலோரம் வைத்துவிட்டுக் கீழே லேபுக்கு இறங்கிவிடுவேன். மத்தியானம் எனக்குத் தட்டுகளை விட்டு நகர முடியாது. சாயங்காலம் மேலே போனால் மத்தியானக் கேரியர் கழுவிக் கவிழ்த்திருக்கும். அடுத்த கட்டிலில் சமயபுரம் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் வயிற்று ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். அவர் மனைவி கோயில் வாசலில் பூக்கட்டுகிறவள். வாய்நிறையப் பேசுவாள், எல்லோருக்கும் ஓடி ஓடி உதவுவாள். அவள்தான் கழுவியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் எங்கே கழுவினாய் என்று கேட்க வேண்டிவரும்.

காலைக் கேரியர் என் பொறுப்பு. முதல் நாள் அதை எடுத்துக்கொண்டு கேண்டீனுக்குப் பின்னால் போனேன். நான்தானே அந்த இடத்தை ஒதுக்கச் சொன்னேன். அங்கே போய் நின்றால், ஊர்ப்பட்ட எச்சில் தட்டு குவிந்து கிடக்கிறது. பிரியாணி எலும்பும் முட்டைத் தோலும் சாக்கடை வாயில் அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கி நிற்கிறது. என் கேரியரை அந்தத் தரையில் வைக்க மனசு வரவில்லை. கழுவாமல் எடுத்துப் போகவும் மனசு வரவில்லை. சாதம் பட்ட பாத்திரம் எங்கள் வீட்டில் பத்து, கழுவாமல் எதன்மேலும் வைக்கக்கூடாது. சாதம் ஒட்டிக் காய்ந்த அந்தப் பத்துப் பாத்திரத்தை நாள் முழுக்க வைத்திருந்து, பஸ்ஸில் ஊரெல்லாம் சுமந்து, சாயங்காலம் பெருமாள் விளக்கு ஏற்றுகிற வீட்டுக்குள் எப்படிக் கொண்டுபோவது? அதைச் செய்யக்கூடாது என்று ஏழு வயதில் என் கையில் ஏறிய பழக்கம். மகளுக்கும் நான் அதையேதான் ஊட்டியிருக்கிறேன்.

திரும்ப மூன்றாம் மாடிக்கு வந்தேன். தொட்டி பளிச்சென்று இருந்தது. தண்ணீர் பளபளவென்று கொட்டியது. சிவப்பு எழுத்து கண்ணுக்கு நேராக இருந்தது. நான் எழுதியதுதான். அதைப் படிக்காமல் கேரியரைக் கழுவினேன். அடித்தட்டில் ஒட்டியிருந்த சாதத்தை விரலால் வழித்து அதிலேயே விட்டேன்.

அவர் கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "போர்டு போட்டவாளே கழுவலாமா?" என்று சிரித்தார்.

"ஒரு தடவைதானே. பத்தை அப்படியே வெச்சுண்டிருக்கச் சொல்றேளா?" என்றேன்.

ஒரு தடவை இல்லை. நாலு நாள். கழுவின ஈரக் கையோடு அவர் போர்வையைச் சரிசெய்தேன், சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்த்தேன், நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் அவருக்குக் குளிர் எடுத்தது. கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம். ரத்தமும் சிறுநீரும் எடுத்து அனுப்பினார்கள். எங்கே அனுப்புவார்கள், என்னிடம்தான். புட்டியில் அவர் பெயரைப் பார்த்ததும் டாக்டரம்மா, "நீங்க விடுங்கக்கா, நான் பாக்குறேன்" என்றார். நான் விடவில்லை. மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்து அந்தத் தட்டை எடுத்தேன். இளஞ்சிவப்பு. கம்பியால் தொட்டுத் தூக்கினேன், நூல் இழுத்தது. மருந்துத் தாள் வைத்துப் பார்க்க இன்னொரு நாள் ஆகும். எனக்கு அந்த ஒரு நாள் தேவைப்படவில்லை.

பழைய மருந்து ஒன்று இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எத்தனையோ வருஷமாகத் தள்ளி வைத்திருந்து, வேறு வழி இல்லாததால் இப்போது திரும்ப எடுத்திருக்கிறார்கள். அதைத்தான் ஏற்றினார்கள். காப்பாற்றினாலும் சிறுநீரகம் பழையபடி இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். பதினோரு நாள் ஐசியூவில் இருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பாசுரம் சொல்ல முயன்றேன். பாதிக்குமேல் வார்த்தை வரவில்லை. எனக்குக் கிருமியின் முகம்தான் ஞாபகம் வந்தது, பெருமாளின் முகம் வரவில்லை. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் பிழைத்தார். அடுத்த கட்டில் டிரைவர் பிழைக்கவில்லை. அவர் வயிற்றுக் காயத்திலிருந்து வந்த சீழையும் நான்தான் பார்த்தேன். அது ஈ.கோலை. காய்ந்து தட்டையாக, நூல் இழுக்காமல். மரபணு மட்டும் அதே மரபணு. தொட்டியிலிருந்து போனதா, என் கையிலிருந்து போனதா, அதற்கு முன்னாலேயே இருந்ததா, எந்த லேபும் எனக்குச் சொல்லாது. அவர் மனைவி கணக்கை முடித்துக்கொண்டு போகும்போது ஐசியூ வாசலில் நின்ற என்னிடம் வந்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்காவது நல்லாயிடணும்ங்க. ஆத்தாகிட்ட வேண்டிக்கிறேன்," என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு தினமும் கேரியர் கழுவினேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சமயபுரம் பஸ் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தபிறகு அவர் மெல்ல மெல்லத் தேறினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு போகலாம் என்று ஆசைப்பட்டார், கூட்டிப் போனேன். மதகுப் பக்கம் உட்கார்ந்து பொரி சாப்பிட்டார். பார்க்கிறவர்களுக்கு முழுசாக நல்லாகிவிட்ட ஆள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. காய்ச்சல் போய்விட்டால் கிருமி போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. குடலில் ஒரு தொந்தரவும் செய்யாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு வழக்கமாகச் செய்வதுதான் என்று சொல்லி அவரிடமிருந்து மாதிரி வாங்கி லேபுக்கு எடுத்துப் போனேன். கூடவே எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியின் சல்லடையிலும் குளியலறைச் சாக்கடையிலும் குச்சியால் தடவி எடுத்துக்கொண்டேன்.

அவரிடம் இருந்தது. குளியலறையில் இருந்தது. சமையலறையில் கிளப்சியெல்லா இல்லை, அங்கே ஏற்கெனவே குடியிருந்த வேறொரு கிருமி இருந்தது. அதனிடம் அதே மரபணு இருந்தது. என் மாமியார் குளிக்காமல் என்னை நுழையவிடாத சமையலறை.

டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி வைத்தார். பிறகு சொன்னார்.

"அய்யாவுக்கு இப்ப ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கும் ஒண்ணும் பண்ணாது. பிள்ளை பெறப்போற பொண்ணை மட்டும் அந்த வீட்டுல வைக்காதீங்க. அம்மா வயித்துல இருந்தா, பிறக்கிறப்ப குழந்தைக்குப் போயிடும். பச்சைக் குழந்தை ரத்தத்துல இது வந்துட்டா நம்மகிட்ட மருந்து இல்லக்கா."

அதனால்தான் சீமந்தத்திலிருந்து தனியாக வந்தேன்.

பொய் மூன்று வாரம் தாங்கியது. எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம், அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது மகள் போன் செய்தாள்.

"பக்கத்தாத்து மாமியோட பேசினேன். அங்கே யாரும் எதையும் இடிக்கலயாம். என்னை ஏம்மா வரவேண்டாம்ங்கறே? நான் என்ன பண்ணினேன்?"

அவள் குரல் உடைந்திருந்தது. இதற்கு மேல் மறைக்க முடியாது என்று மொட்டை மாடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் குடலில் இருப்பதைச் சொன்னேன். நம் வீட்டுத் தொட்டியில் இருப்பதைச் சொன்னேன். போர்டு எழுதிய கையாலேயே நாலு நாள் பாத்திரம் கழுவியதைச் சொன்னேன். டிரைவர் செத்துப்போனதைச் சொன்னேன். இதுவரை நான் யாரிடமும் அழுததில்லை, அன்று அழுதேன். "உன்னையாவது தள்ளி வெச்சுக் காப்பாத்தணும்னுதான். அதுக்குத்தான் அன்னிக்கும் உன்னை மாடிப்படி ஏறப்படாதுன்னேன்," என்றேன்.

அந்தப் பக்கம் கதவைத் தாழிடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா," என்றாள். "மத்தியானக் கேரியரை யாரு கழுவினான்னு நினைச்சே?"

எனக்கு உடனே புரியவில்லை.

"நான் தெனமும் மேலே வந்தேம்மா. அப்பா தலகாணிக்கு அடியிலே இருந்த பாஸை எடுத்துண்டேன். அவருக்குத் தானா சாப்பிட முடியலை, கை நடுங்கித்து. நான்தான் கரைச்சு ஊட்டினேன். நீ திட்டுவேன்னு அவர்தான் அம்மாகிட்ட சொல்லாதேன்னார். ஊட்டிட்டுக் கேரியரை அங்கேயே கழுவி வெச்சுட்டுப் போவேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பத்துப் பாத்திரத்தைக் கழுவாம வெக்கப்படாதுன்னு நீதானே சொல்லுவே."

மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாடியில் யாரோ வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளையும் என்னையும் தவிர யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டுவதற்கு யாரும் இல்லை.

என் மகள் என்னைவிடத் தெளிவானவள். அவளே பேசினாள்.

"சரி, எனக்கும் டெஸ்ட் பண்ணிப் பாத்துடு. இல்லேன்னு வந்தா நான் இங்கேயே இருந்துக்கறேன். இருக்குன்னு வந்தா அங்கே வந்துடறேன். அப்புறம் எங்கே இருந்தா என்ன? உன் பக்கத்துலேயாவது இருப்பேன். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். மறுநாள் காலை ரயிலில் சென்னை போனேன். சம்பந்தியம்மாளிடம் பெண்ணைப் பார்க்கத் தோன்றியது என்றேன். மாதிரி எடுத்த குச்சியைக் குழாயில் போட்டு மூடி, கைப்பையில் பத்திரமாக வைத்து, சாயங்காலமே திரும்பி நேரே லேபுக்குப் போனேன். படிவத்தில் பெயர் எழுதுகிற இடத்தில் என் மகளின் பெயரை எழுதினேன். வழக்கம்போல வயது கேட்டது, எழுதினேன். வார்டு, கட்டில் எண் கேட்கிற இடத்தைக் காலியாக விட்டேன். தட்டில் தேய்த்து இன்குபேட்டரில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். இன்குபேட்டரை அவர் திறக்கவில்லை. எனக்காக நின்றுகொண்டிருந்தார். நான் திறந்தேன். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பிறகு கம்பியை எடுத்துத் தொட்டேன். மரபணுச் சோதனையையும் நானே போட்டு, முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா என் தோளில் கை வைத்தார். "டெலிவரி பாக்கப்போற டாக்டருக்கு முன்கூட்டியே சொல்லிடலாம். குழந்தையைத் தனியா வச்சுக் கவனிக்கலாம். எல்லாக் குழந்தைக்கும் ஆபத்து வந்துடறதில்லக்கா," என்றார். அவர் சொன்னது உண்மைதான். அதைத்தான் இப்போது தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மகளுக்குப் போன் செய்தேன். "ஞாயித்துக்கிழமை வந்து உன்னை அழைச்சுண்டு வரேன்," என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டாள்.

நான் கூடத்தைப் பார்த்தேன். அவர் ஸ்டூலில் ஏறி நின்று, தூளி கட்டுவதற்காக உத்தரத்துக் கொக்கியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அழுக்கு ஒரு துளி இருக்கக்கூடாது என்று துணியை மறுபடி மறுபடி திருப்பித் துடைத்தார்.

"இல்லே," என்றேன்.